'10000 கிரிட்' என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கிய கல்

சவரக்கத்தி தீட்டப் புதிதாகக் கல் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தாத்தா பயன்படுத்திய மடக்குச் சவரக்கத்தி என்னிடம் இருக்கிறது. அதில் நானும் சவரம் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் இருபக்கக் கல் வாங்கினேன். ஒரு பக்கம் 3000 கிரிட், மறுபக்கம் 10000. கிரிட் என்பது கல்லின் துகள் எவ்வளவு நுண்மை என்று காட்டும் எண். 'சவரக்கத்திக்கென்றே செய்தது, மட்டம் பார்த்து அனுப்புகிறோம், இது ஒன்றே போதும்' என்று விளம்பரத்தில் இருந்தது. மூன்றுமே பொய்.

மூன்று வாரம் தினமும் தீட்டினேன். கத்தி முடியை வெட்டவில்லை, பிடித்து இழுத்தது. கன்னமெல்லாம் எரிச்சல். விற்பனையாளரிடம் கேட்டால், "கை பழகவில்லை, நன்றாக அழுத்தித் தேயுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். சவரக்கத்திக்குச் சொல்லவே கூடாத யோசனை அது. இந்தக் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மிக மெல்லியது, அழுத்தினால் வளைந்துகொடுக்கும். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும், கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். கத்தியின் எடையும் விரலின் லேசான பிடியும் போதும்.

கடைசியில், பல வருடம் தீட்டிப் பழகிய ஓர் அண்ணனிடம் போனேன். அவர் கத்தியைத் தொடவில்லை, முதலில் கல்லைத்தான் கேட்டார். அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் துண்டில் நீர் உப்புத்தாளை விரித்து, அதில் கல்லை நான்கு தடவை தேய்த்தார். நடுவில் மட்டும் பென்சில் அழிந்திருந்தது, ஓரங்களில் கோடு அப்படியே இருந்தது. கல் நடுவில் மேடு. பிறகு கத்தியைத் தன் சமமான கல்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே காட்டினார். வாயின் நடுவில், கல்லுக்கும் கத்திக்கும் இடையே வெளிச்சக் கீற்று தெரிந்தது. மேடு பட்ட இடம் தேய்ந்து, வாய் உள்வாங்கிவிட்டது. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

உருப்பெருக்கியில் பார்த்தோம். என் '10000' பக்கம் போட்ட கீறல்கள், அவருடைய 5000 கல் போட்டதைவிட ஆழம். எண் கூடக்கூடத் துகள் நுண்மையாக வேண்டும். ஜப்பானிய அளவுமுறையில் 8000 என்றால் துகள் சுமார் 1.2 மைக்ரான். ஐரோப்பிய, அமெரிக்க முறைகளின் எண்கள் இதோடு ஒத்துப்போகாது. அதனால் எந்த முறை, எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

'இது ஒன்றே போதும்' என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூர் போன கத்தியில் இரண்டு பக்கச் சரிவும் வாயில் சந்திக்க வேண்டும். அந்த வேலையை 1000 கல்தான் செய்யும். அது முடியாமல் நுண்ணிய கல்லுக்குப் போனால் மழுங்கல்தான் பளபளக்கும். அடி முதல் நுனி வரை எல்லா இடத்திலும் கைமுடியை வழிக்கிறதா என்று பார்த்த பிறகே 4000 அல்லது 5000, அதன்பின் 8000. சிலர் 12000 வரை போவார்கள். கடைசியில் தோல்வார், அதாவது கத்தியை இழுத்து மெருகேற்றும் தோல் பட்டை. முதல் முறை, தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கி, தோல்வாரில் மட்டும் பழகுவதே நல்லது என்பேன்.

விற்பனையாளரிடம் புகார் சொன்னபோது, 'பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை' என்று சொல்லிவிட்டு, '12000 கிரிட் இயற்கைக் கல்' ஒன்றை வாங்கச் சொன்னார். தோண்டியெடுத்த கல்லுக்கு அப்படித் திட்டமான எண் கிடையாது. பெல்ஜியத்தின் கோட்டிகூல் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கார்னெட் என்ற கனிமத் துகள்கள்தான் இரும்பை அறுப்பவை. தேய்க்கும்போது கல்லின் மேல் உண்டாகும் கல்சேறு கெட்டியாக இருந்தால் வேகமாக அறுக்கும், தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் மெருகேற்றும். ஒரே கல், இரண்டு வேலை. அதற்கு எந்த எண்ணைப் போடுவது?

கத்தியை அண்ணன் மீட்டுக் கொடுத்தார். ஆனால் உள்வாங்கிய நடுப்பகுதி கல்லைத் தொடும்வரை அடியையும் நுனியையும் தேய்க்க வேண்டியிருந்தது, அகலம் குறைந்துவிட்டது.

கல் கைக்கு வந்ததும் நனைக்காதீர்கள். இரும்பு ஸ்கேலை நீளம், அகலம், மூலைக்கு மூலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், படம் எடுத்துவையுங்கள். மேடோ பள்ளமோ தெரிந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். இதே மாதிரிக் கல்லை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சமமாக்கிச் சமையல் கத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். சவரக்கத்தியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.