மாஸ்டடானா, கோடுசோஷியலா?

கூந்தன்குளத்துப் பறவைப் படங்களைப் பகிர, பாளையங்கோட்டையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சொந்த சர்வர் வைக்க நினைத்தால் நான் கோடுசோஷியலைத்தான் சொல்வேன். மாஸ்டடான், கோடுசோஷியல் இரண்டுமே ட்விட்டர் மாதிரி பதிவு போடும் தளத்தைச் சொந்த சர்வரில் நடத்த உதவும் மென்பொருள்கள். சர்வர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது முறையில் இரண்டும் பேசுபவை என்பதால், இதில் இருப்பவர் அதில் இருப்பவரைப் பின்தொடரலாம். வித்தியாசம் தெரிவது சர்வரை நடத்துபவருக்குத்தான்.

2016இல் வந்த மாஸ்டடானில் எல்லாமே பிரவுசரிலேயே நடக்கும். புகார்களைக் கவனிக்கும் வசதியும் அருமை. ஆனால் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), ரெடிஸ் (தற்காலிகத் தகவல் சேமிப்பு), சைட்கிக் (பின்னணி வேலைகளைச் செய்வது) எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும். 2 ஜிபி ராம்கூட இறுக்கம்தான். வெளி சர்வர்களின் படங்களும் டிஸ்க்கில் குவியும். அவற்றை அவ்வப்போது துடைக்க ஏற்பாடு செய்தே ஆக வேண்டும்.

கோடுசோஷியல் ஒரே புரோகிராம். டேட்டாபேஸுக்கு, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்கியூலைட் போதும், ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலும் ஓடும். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊருக்கு இது பெரிய ஆறுதல்: சின்ன பெட்டி என்பதால் சின்ன யுபிஎஸ்ஸே தாங்கும். சர்வரை நிறுத்திவிட்டு டேட்டாபேஸ் ஃபைலையும் படங்களின் ஃபோல்டரையும் நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. பதிவுக்கு 5000 எழுத்து வரை இடம் உண்டு. மாஸ்டடானில் வழக்கமாக 500தான். குறை என்றால், டைம்லைன் (பின்தொடர்பவர்களின் பதிவு வரிசை) பார்க்க டஸ்கி மாதிரி தனி ஆப் வேண்டும். அதை உறுப்பினர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும்.

அப்புறம், எதை எடுத்தாலும் டொமைன் பெயரை முதலிலேயே யோசித்து வையுங்கள். ஓட ஆரம்பித்த சர்வரில் அதை மாற்ற முடியாது.