பளிங்குக் கல்லில் தேவதை பேசுகிறது என்பவர்களை நம்புமுன்: ஜான் டீ ஏமாந்த விதம்

1570-இல் யூக்ளிடின் வடிவியல் நூல் முதன்முதலாக ஆங்கிலத்தில் வந்தபோது அதற்குக் கணித முன்னுரை எழுதியவர் ஆங்கிலக் கணித அறிஞர் ஜான் டீ. பளிங்குக் கல் வழியே தேவதைகளோடு பேச முடியும் என்றும் நம்பியவர். நிரூபணம் கேட்டே பழகிய அந்த மனிதரை ஒருவர் ஏழு ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தார். கல் பார்த்துச் சொல்கிறேன் என்று யார் வந்தாலும் இந்த விவரங்களை மனதில் வையுங்கள்.

1582 மார்ச்சில் லண்டனுக்கு அருகே மார்ட்லேக் வீட்டுக்கு வந்தவர் சொன்ன பெயர் எட்வர்ட் டால்பட். சில மாதங்களில் அதே ஆள் எட்வர்ட் கெல்லி ஆனார். வந்ததும் அவர் செய்த வேலை, டீயிடம் முன்பு கல் பார்த்துச் சொன்ன பர்னபாஸ் சால் என்பவரைப் பற்றிக் குறை சொன்னது. டீயின் நாட்குறிப்பிலேயே தனக்குச் சாதகமாக எழுதியும் வைத்தார். அது டால்பட்டின் எழுத்து என்று பக்கத்திலேயே குறித்த டீ, பிறகும் அவரை வைத்துக்கொண்டார்.

ஏற்பாடு பார்க்கப் பிரமாதம்: இரண்டு முழ உயர மேசை, கால்களுக்கு அடியில் நான்கு சிறு மெழுகு முத்திரைகள், நடுவே ஒன்பது அங்குல அகல மெழுகு வட்டு, அதன்மேல் சிவப்புப் பட்டு, கல். டீ ஜெபித்துக் கேள்வி கேட்பார், கெல்லி கல்லைப் பார்த்துச் சொல்வார், டீ எழுதிக்கொள்வார். ஓட்டை இங்கேதான். டீயின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரே கேள்வியை வேறொருவரிடம் தனியே கேட்டு ஒப்பிட்டிருந்தால் போதும், அதைச் செய்யவில்லை.

1583-இல் இருவரும் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். மனம் வலிப்பது 1584-இல் போலந்தின் கிராக்கோவில் நடந்ததை நினைத்தால்தான். தேவதைகள் சொன்ன நாட்டுப் பெயர்கள், மாந்திரிகம் பற்றி எழுதிய ஜெர்மானியர் அக்ரிப்பாவின் அச்சுப் புத்தகத்தில் அப்படியே இருந்தன. அதை எடுத்துக்காட்டி, இவை நம்மை ஏய்க்கின்றன என்றவர் கெல்லியே! டீயோ, புத்தகத்தோடு ஒத்துப்போவதே உண்மைக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார். நம்பத் துடிக்கும் மனத்துக்கு எதிர்ச் சான்றும் ஆதரவாகிவிடும்.

அதன்பின் விலை ஏறியது. 1587-இல் பொஹிமியாவின் த்ரெபோனில், டீயும் கெல்லியும் தங்கள் மனைவியரைப் பொதுவாக்க வேண்டும் என்று கல்லிலிருந்து கட்டளை வந்தது. டீயின் மனைவி ஜேன் அழுது துடித்தும் மே 3 அன்று நால்வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1589-இல் டீ, உலோகத்தைப் பொன்னாக்கும் என்று நம்பப்பட்ட ரசவாதப் பொடியையும் கெல்லியிடம் கொடுத்துவிட்டுப் பிரிந்தார்.

ஊர் திரும்பினால் மார்ட்லேக் வீட்டில் இருந்த அவரது நூலகம் சூறையாடப்பட்டிருந்தது. பொறுப்பில் இருந்தவர் மைத்துனர். டீ செய்த ஒரே நல்ல காரியம், 1583-இல் கிளம்புமுன் எல்லா நூல்களுக்கும் பட்டியல் போட்டது. அதை வைத்துத்தான் போனது எது என்று சொல்ல முடிந்தது, சிலவற்றை மீட்கவும் முடிந்தது. நிக்கோலஸ் சாண்டர் என்பவர் கைக்குப் போன நூறுக்கும் மேற்பட்டவை இன்று லண்டனில் மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் உள்ளன. சாண்டர் பல நூல்களில் டீயின் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினார். சிலவற்றில் அடியில் பழைய கையெழுத்து இன்னும் தெரிகிறது.