மஞ்சப்பையில் கிடந்த ரிப்போர்ட்

2025 ஜூலையில் நான்கு வார லீவில் பர்மிங்காமிலிருந்து திருச்சிக்கு வந்தேன். ஏர்போர்ட்டில் புது டெர்மினல் பளபளவென்று இருக்கிறது. வெளியே டாக்சிக்காரர்களின் கூச்சல் மட்டும் பழையபடி. ஊரைச் சுற்றிப் பார்த்த கதை இவ்வளவுதான். மீதி நாட்களெல்லாம் ஆஸ்பத்திரி, ஜெராக்ஸ் கடை, நோட்டரி, கோர்ட் வளாகம் என்றே கழிந்தன. டாக்டரின் அலட்சியத்துக்கு நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட அலைந்த கதை இது. வெளிநாட்டிலிருந்து வந்து இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதி வைக்கிறேன்.

என் அக்காவுக்கு 52 வயது. லால்குடிப் பக்கம் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். 2023 ஆகஸ்டில் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும், "சாதாரண நார்க்கட்டிதான், பயப்படாதீங்க" என்று, மார்பு வலிக்குக் கொடுக்கும் ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அப்புறமும் இரண்டு தடவை போனாள். அதே மாத்திரை. 2024 ஜூலையில் அக்குளில் நெறி கட்டியபோது வேறு இடத்தில் காட்டினார்கள். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். மார்பை எடுத்து, அக்குள் நெறிகளையும் எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்தாள்.

இதில் எனக்கு அவள் சொன்னது, "தம்பி, ஒரு சின்ன ஆபரேஷன்" என்பது மட்டும். என்ன ஆபரேஷன் என்று என் மனைவி சொல்லித்தான் தெரியும். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். இந்தக் கூச்சத்துக்குச் சட்டத்தில் என்ன விலை என்பது பிறகுதான் புரிந்தது.

வந்த மூன்றாம் நாள், பழைய சீட்டெல்லாம் எங்கே என்று கேட்டேன். பீரோவுக்கு அடியிலிருந்து அத்தான் ஒரு மஞ்சப்பையை இழுத்துப் போட்டார். அதில் 2023 ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கட்டி 1.8 சென்டிமீட்டர், ஓரங்கள் ஒழுங்காக இல்லை, பை-ராட்ஸ் 4, திசுப் பரிசோதனை செய்து பார்க்கவும். கடைசி வரி இதுதான். பை-ராட்ஸ் என்பது மார்பக ஸ்கேனுக்கு 0 முதல் 6 வரை போடும் குறியீடு. 2 என்றால் கவலையில்லை, 3 என்றால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், 4 என்றால் சந்தேகம், ஊசி போட்டுத் திசு எடுத்தே ஆக வேண்டும். ஸ்கேன் எடுத்தவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கையில் வாங்கிய டாக்டர்தான் கடைசி வரிவரை போகவில்லை. வீட்டிலும் அதை யாரும் வாசிக்கவில்லை. ஐயாயிரம் மைல் தள்ளி இருந்த நானும்தான்.

நான் இருக்கும் ஊரில் இந்தப் பேச்சு புதிதல்ல. பர்மிங்காமிலும் பக்கத்து சோலிஹல்லிலும் வேலை பார்த்த இயன் பேட்டர்சன் என்ற மார்பக அறுவை மருத்துவர், தேவையே இல்லாதவர்களுக்கெல்லாம் புற்றுநோய் பயம் காட்டிக் கத்தி வைத்தார். 2017-ல் அவருக்கு 15 ஆண்டு சிறை, மேல்முறையீட்டில் அது 20 ஆண்டாக ஏறியது. பாதிக்கப்பட்ட சுமார் 750 பேருக்காக 3 கோடியே 70 லட்சம் பவுண்டில் நிதி ஒதுக்கினார்கள். அந்தச் செய்திகளை வாசித்த பழக்கத்தில், இங்கும் ஒரு நோட்டீஸ் விட்டால் பணம் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் ஒருவர் அந்த நினைப்பை இன்னும் வளர்த்துவிட்டார். "வக்கீல் நம்ம ஆளு சார், வர்றதுல முப்பது பர்சென்ட் குடுத்தா போதும்." பிரிட்டனில் ஜெயித்தால் மட்டும் பங்கு எடுக்கும் முறை சட்டப்படியே உண்டு. இந்தியாவில் வக்கீல் தீர்ப்புத் தொகையில் பங்கு பேசவே கூடாது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

முதல் படி, மருத்துவமனையில் ஆவணம் கேட்பது. ரெக்கார்ட்ஸ் பிரிவில் அரை மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, "ஓ.பி. பேஷன்ட்டுக்கு ஃபைல் கிடையாது சார், சீட்டு உங்ககிட்டதானே இருக்கும்" என்றார்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளைக் காட்டினேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது உள்நோயாளிகளின் ஆவணங்களுக்குத்தான் என்றும் அதே விதியில் இருக்கிறது. அங்கே இருந்த பெண்மணிக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எழுதிக் கொடுத்த கடிதத்துக்குச் சீல் வைத்து வாங்கியதுதான் அன்றைய லாபம். ஸ்கேன் சென்டரில் நிலைமை வேறு. கவுன்டரில் இருந்த பெண் ஐடி நம்பரைத் தட்டி, பழைய ரிப்போர்ட்டின் நகலைப் பத்து நிமிடத்தில் கையெழுத்தோடு கொடுத்துவிட்டாள். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த சேவை அதுதான்.

அடுத்த சிக்கல் ரசீது. 1995-ல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் மருத்துவத்தையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சேவையாக இருக்க வேண்டும். அக்கா டாக்டருக்குக் கொடுத்த ஃபீஸ் 400 ரூபாய், கையில், பில் இல்லாமல். ஒரு முழு மாலை பையைக் கவிழ்த்துத் தேடினோம். கடைசியில் காப்பாற்றியது அக்கா மகனின் போன். இரண்டாவது தடவை அவன்தான் ஜிபேயில் அனுப்பியிருக்கிறான். தேதி, தொகை, மருத்துவமனையின் பெயர் எல்லாம் அப்படியே இருந்தது.

வக்கீல் விஷயத்தில்தான் ஆச்சரியம். பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தில் இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் ஒரு பெண் வக்கீலை ஒதுக்கினார்கள். வெளிநாட்டுக்காரன் கூட வந்தால் விரட்டுவார்களோ என்று பயந்தேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளக்கூட இல்லை.

வக்கீல் முதலில் பார்த்தது தேதியை. நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு கெடு. புற்றுநோய் என்று தெரிந்த 2024 ஜூலையிலிருந்து கணக்குப் போடலாம்தானே என்றேன். "நாம அப்படிச் சொல்லுவோம். அவங்க முதல் சீட்டுத் தேதியைச் சொல்லுவாங்க. எதுக்கு அந்த வம்பு, ஆகஸ்டுக்குள்ள போட்டுடலாம்" என்றார். தாமதத்தைக் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் தம்பியிடம் சொல்லக் கூச்சப்பட்டேன் என்று எந்த மனுவில் எழுதுவது? கைவசம் இருந்தது ஐந்து வாரம்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கே.கே. நகரில் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர். காபி கொடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நிதானமாக வாசித்தார். "நோயைக் குடுத்தது அந்த டாக்டர் இல்ல தம்பி. பதினோரு மாசத்துக்குத்தான் அவர் பொறுப்பு. ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள இருந்தப்ப பிடிச்சிருந்தா, கட்டியை மட்டும் எடுத்துட்டு மார்பை விட்டுவெச்சிருக்க வாய்ப்பு நிறைய. அந்த வித்தியாசத்துக்குத்தான் நீங்க கேக்க முடியும்." எழுதித் தருவீர்களா என்றதற்குச் சிரித்துவிட்டு, இன்னொரு காபி வேண்டுமா என்றார்.

வக்கீல் அதற்குக் கலங்கவில்லை. மலேரியாவை டைஃபாய்டு என்று வைத்தியம் பார்த்த கிஷன் ராவ் வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே ரிப்போர்ட்டின் கடைசி வரியே சாட்சி என்றார். போலீஸ் புகார் வேண்டாம், அதற்கு மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டார். மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதலாம், ஆனால் அவர்கள் டாக்டர்மீதுதான் நடவடிக்கை எடுப்பார்கள், நஷ்டஈடு தர மாட்டார்கள்.

எவ்வளவு கேட்பது? வெளிநாட்டுத் தமிழர்களிடம் பேசினால் உடனே குணால் சாஹா பெயர் வரும். அமெரிக்காவிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தபோது பார்த்த தவறான வைத்தியத்தால் 1998-ல் மனைவியைப் பறிகொடுத்தவர். 2013-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 5.96 கோடியும் வட்டியும் கொடுத்தது. நடுவில் போன 15 ஆண்டை யாரும் சொல்வதில்லை. அவர் மனைவியின் அமெரிக்க வருமானக் கணக்கும் அதில் இருந்தது. அக்காவிடம் வக்கீல் கேட்டது, மாதம் எத்தனை ஜாக்கெட் என்று. "முன்னாடி அறுபது. இப்ப இருபது தைச்சா பெருசு, கை வீங்கிக்குது மேடம்." துணியைப் பிடித்து நகர்த்துவது இடது கைதானே. வெளியே போகும்போது போடும் ஜாக்கெட்டுக்கு உள்ளே பஞ்சு வைத்து அவளே தைத்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கடையில் வாங்கினால் என்ன விலை என்று வக்கீல் விசாரித்து, அந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்தார். மொத்தம் 18 லட்சம் கேட்டிருக்கிறோம். இவ்வளவு கிடைக்கும் என்று அவரே நம்பவில்லை.

மனுவின் நகலை அக்கா வாசித்தாள். "இந்த வார்த்தை இத்தனை தடவை வரணுமா?" என்று என்னைப் பார்க்காமல் வக்கீலிடம் கேட்டாள். வரணும் என்றார் அவர். பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, நாம் கொடுத்த ஃபீஸை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பதும் கட்டணமும் முடிவாகும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஆக, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், கட்டணம் பூஜ்யம். நுகர்வோர் வழக்குகளை ஆன்லைனில் போடும் இ-ஜாக்ரிதி தளத்தில் அக்காவின் போன் நம்பரில் பதிந்து ஏற்றினோம். ஸ்கேன் செய்த பக்கங்கள் மங்கல் என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், ஜெராக்ஸ் கடைப் பையன் மறுபடி செய்து கொடுத்தான். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வழக்கு நம்பர் விழுந்தது.

அதற்குள் நான் பர்மிங்காம் திரும்பியிருந்தேன். முதல் வாய்தாவில் வழக்கை ஏற்று எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். பதில் போட 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15. அதற்கு மேல் கிடையாது. அன்று இரவு வீடியோவில் பேசும்போது மஞ்சப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது தெரிந்தது. இப்போது காஸ் ரசீதைக்கூட அவள் அதில்தான் போடுகிறாளாம்.