செல்லுபடியாகும் வாதமா, திடமான வாதமா?

தர்க்கத்தில் வரும் இந்த இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

எதைப் பார்க்கிறோம்?
செல்லுபடி: வடிவத்தை மட்டும், அதாவது ஆதாரமாகச் சொல்லும் கூற்றுகளிலிருந்து முடிவு வரும் விதத்தை மட்டும். ஆதாரக் கூற்றுகள் உண்மை என்று வைத்துக்கொண்டால், முடிவு பொய்யாக வழியே இருக்கக் கூடாது.
திடம்: வடிவமும் சரியாக இருக்க வேண்டும், கூற்றுகளும் நிஜமாகவே உண்மையாக இருக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?
செல்லுபடி: உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துச் சொல்லிவிடலாம்.
திடம்: பெரும்பாலும் உலகத்தைப் போய்ப் பார்த்தாக வேண்டும்.

இதைப் பாருங்கள்: "மீன்கள் எல்லாம் பாலூட்டிகள். திமிங்கிலம் ஒரு மீன். ஆகவே திமிங்கிலம் ஒரு பாலூட்டி." வடிவம் சரி, முடிவும் உண்மை. ஆனால் கூற்றுகள் இரண்டுமே பொய்! வாதம் செல்லும்; திடமானதல்ல. முடிவு உண்மையாக இருப்பதாலேயே பலர் இங்கே ஏமாந்துவிடுகிறார்கள். அப்புறம் இது: "பாலூட்டிகள் எல்லாம் நுரையீரலால் மூச்சுவிடும். திமிங்கிலம் ஒரு பாலூட்டி. ஆகவே அது நுரையீரலால் மூச்சுவிடும்." இதுதான் திடமான வாதம்.

சரி, எது எப்போது? ஒரு கருத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு, அது முரண்பாட்டில் முடிகிறதா என்று பார்க்கச் செல்லுபடி போதும். முடிவை நம்பிக் காரியத்தில் இறங்கப் போகிறீர்கள் என்றால் திடமான வாதமே வேண்டும்.