ஹேவ்லாக் ஸ்கூபா டைவிங்: ‘எல்லாத்துக்கும் நோ போடுங்க’ என்றால் தண்ணீரில் இறங்காதீர்கள்

அந்தமான் பேக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள், அதிலும் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங் சேர்த்து எடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் தம்பி அங்கிருந்து காதில் அடிபட்டுத் திரும்பியிருக்கிறான். இடது காது இன்னும் அடைத்தாற்போலத்தான் இருக்கிறது.

மதுரையில் உள்ள டிராவல் ஏஜென்ட் ஒருவர் டைவிங்குக்கு மட்டும் ஆளுக்கு 6,500 ரூபாய் தனியாக வாங்கினார். படகில் போய் இறங்கும் டைவ், தண்ணீருக்கடியில் 40 நிமிடம், போட்டோ வீடியோ இலவசம், ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர். எல்லாமே வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கிறது. ஹேவ்லாக் போன பிறகுதான் தெரிந்தது, அந்த டைவிங் கடைக்காரரை ஏஜென்ட் பார்த்ததுகூட இல்லை. நடுவில் போர்ட் பிளேரில் ஒருவர், அவருக்குக் கீழே ஹேவ்லாக்கில் ஒருவர். ஆளாளுக்குக் கமிஷன் எடுத்தது போக எங்களுக்கு மிஞ்சியது, கரையிலிருந்து நடந்தே இறங்கும் டைவ். அங்கே நேரில் போய்க் கேட்டால் கரையோர டைவ் படகு டைவைவிட நன்றாகவே விலை குறைவு.

இடத்தைக் குறை சொல்லவில்லை. எங்களை இறக்கிய நீமோ ரீஃப், முதல் முறை இறங்குகிறவர்களுக்குப் பொருத்தமான இடம்தான். ஆழம் குறைவு, அலையும் அதிகம் இல்லை. கடல் சாமந்திக்குள்ளே கோமாளி மீன்கள் புகுந்து புகுந்து வெளியே வருவதைப் பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் 40 நிமிடம் என்றது இருபதைத் தாண்டவில்லை. அதிலும் பாதி, கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நின்றதிலேயே போய்விட்டது. இலவசம் என்ற வீடியோவுக்குக் கரையேறியதும் 1,500 ரூபாய் கேட்டார்கள்.

பணம்கூடப் போகட்டும். அந்தப் படிவத்தைத்தான் என்னால் விட முடியவில்லை.

டைவிங்குக்கு முன்னால் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். நுரையீரல், இதயம், காது, சைனஸ், வலிப்பு, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் அதில் வரும். பதிலைப் பொறுத்து, மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. எங்களிடம் ஆங்கிலத் தாளைக் கொடுத்து, நான் முதல் வரியைப் படிப்பதற்குள், “எல்லாத்துக்கும் நோ போட்டு கையெழுத்துப் போடுங்க அக்கா, லேட்டாகுது” என்றான் அங்கே உதவிக்கு நின்ற பையன். போர்ட் பிளேர் தமிழ்ப் பையன்தான். தம்பி அவனிடம் தெளிவாகவே சொன்னான், ரெண்டு நாளாகச் சளி, மூக்கு அடைத்திருக்கிறது என்று. பையன் பயிற்சியாளரிடம் இந்தியில் ஏதோ கேட்டுவிட்டு வந்து, “உப்புத் தண்ணி பட்டா சளி தானா போயிடும்ணா” என்றான்.

போகாது. சளி இருக்கும்போது மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். கீழே போகப் போக வெளியே நீரின் அழுத்தம் கூடும். உள்ளே காற்றை அனுப்பிச் சமன்செய்ய வழி இருக்காது. செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். மேற்பரப்பில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிவிடுகிறது. காதுக்குச் சிரமம் முதல் சில மீட்டரிலேயே தொடங்கிவிடும். ‘ஆழமே இல்லை, பயப்படாதீங்க’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தம்பிக்கு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே வலி. காதைக் காட்டியிருக்கிறான். பயிற்சியாளர் ‘ஓகே’ சைகை காட்டிவிட்டு, பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து இன்னும் கீழே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கரையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சைகை அந்த ஓகே ஒன்றுதான். கட்டைவிரலை உயர்த்தினால் நீருக்கடியில் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, வலிக்கிற இடத்தைக் காட்டினால் ‘இங்கே பிரச்சினை’ என்று அர்த்தம். இது எதையும் சொல்லவில்லை. மூச்சை எந்தக் காரணத்துக்காகவும் அடக்கக் கூடாது என்பதையும் சொல்லவில்லை. அதுதான் முதல் பாடம். பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். உயிர் போகிற விஷயம் அது.

வெளியே வந்தபோது தம்பியின் மாஸ்க்குக்குள் ரத்தம். “மூக்கு ரத்தம்தான், சகஜம்” என்றார்கள். மறுநாள் போர்ட் பிளேரில் காது டாக்டரிடம் காட்டினோம். செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறது, இப்போதைக்கு விமானம் ஏறக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார். டிக்கெட்டை மாற்றியது, கூடுதல் நாட்களுக்கு அறை எடுத்தது, எல்லாம் எங்கள் தலையில்.

இன்னொன்றும் என் கண்ணாலேயே பார்த்தேன். போட்டோ எடுப்பதற்கு வசதியாக, பயிற்சியாளர் மான்கொம்புப் பவளத்தின் மேலேயே முழங்காலை ஊன்றி நின்றார். கிளைகள் ஒடிந்தன. மீன் கூடுவதற்காக பாட்டிலில் பிஸ்கட் கொண்டுவந்து கரைத்தார். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அதிலிருந்து தப்பித்து வளர்ந்தவற்றை இப்படி மிதிக்கிறார்கள். பந்துபோல் திரளும் பவள வகைகள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணையில்தான் இந்தப் பவளங்களும் இருக்கின்றன. பயிற்சியாளரிடம் இதைக் கேட்டதற்குச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில்தான் கோபம் அதிகம் வந்தது.

ஹேவ்லாக்கில் ஒழுங்காக நடத்துகிற டைவிங் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே தங்கியிருந்த நாட்களில் அப்படி ஒரு பள்ளிக்குப் போய் விசாரித்தேன். சளி என்றதுமே, “குணமான பிறகு வாங்க” என்று சொல்லிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்து மூச்சுவிடப் பழக்கி, மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றவும், மூக்கைப் பிடித்துக் காதைச் சமன்செய்யவும் செய்துகாட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் ஆழத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அதனால் டைவிங்கைப் பேக்கேஜோடு சேர்க்காமல் பள்ளியிடமே நேரடியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். டைவிங் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்புகளான பி.ஏ.டி.ஐ. (PADI) அல்லது எஸ்.எஸ்.ஐ. (SSI) கொடுத்த பயிற்சியாளர் எண்ணைக் கேளுங்கள், அந்த அமைப்புகளிடமே சரிபார்க்கலாம். சான்றிதழ் இல்லாதவர்களை இந்த அறிமுக டைவில் 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கவே கூடாது என்பது பி.ஏ.டி.ஐ. விதி. கரையில் தருகிற ‘சர்டிபிகேட்’ வெறும் நினைவுத் தாள். அதைக் காட்டி வேறெங்கும் டைவ் செய்ய முடியாது.

பயணத் திட்டத்தையும் பாருங்கள். இதே ஏஜென்டின் இன்னொரு பேக்கேஜில் காலையில் டைவ், அன்று பிற்பகலே சென்னை விமானம் என்று போட்டிருக்கிறார். ஒரே ஒரு டைவ் செய்திருந்தாலும் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும்.

ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. “நீங்கள்தான் நோ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்று ஒரே ஒரு மெசேஜ் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் கொடுத்தாயிற்று. மதுரையிலிருந்து இதேபோல் போய் ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கையெழுத்துப் போட்ட படிவத்தின் போட்டோ வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிடாதீர்கள்.