படிப்படி முறையா, அஜைலா?

கட்டுமானத்திலிருந்து ஐடிக்கு மாறும் சிங்கப்பூர் நண்பர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. இரண்டும் ஒரு திட்டத்தை நடத்தும் வழிகள்: எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு ஒவ்வொரு கட்டமாக முடிப்பது படிப்படி (வாட்டர்ஃபால்); சிறு சிறு சுற்றுகளாகச் செய்து, கருத்து கேட்டு, மாற்றிக்கொண்டே போவது அஜைல்.

மாற்றம்
படிப்படி: கான்கிரீட் ஊற்றிய தூணை நகர்த்த முடியாது. தாங்குசுவரைக் கொஞ்சம் தள்ளினாலும் திருத்திய வரைபடத்துக்கு பிசிஏவிடம் (சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம்) மறுபடி அனுமதி வாங்க வேண்டும். அதனால் யோசனையெல்லாம் முன்கூட்டியே.
அஜைல்: செயலியில் பட்டனை அடுத்த வாரமே மாற்றலாம்.

காலம்
படிப்படி: டிஓபி (தற்காலிகக் குடியேற்ற அனுமதி) கிடைக்கும்வரை யாரும் குடியேற முடியாது.
அஜைல்: ஸ்கிரம் என்ற அஜைல் முறையில் ஒரு சுற்று ஒரு மாதத்துக்கு மேல் போகாது, ஒவ்வொன்றின் முடிவிலும் பயன்படுத்தக்கூடிய ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

செலவு
மொத்தத் தொகையை முதலிலேயே உறுதி செய்ய படிப்படியே வசதி.

கட்டடம், எம்ஆர்டி ரயில் தடம் என்றால் தயங்காமல் படிப்படி. செயலிக்கு அஜைல். மருத்துவமனை மென்பொருளுக்கு என் தேர்வு கலப்பு: சர்வர், கருவி கொள்முதல் படிப்படியாக, தாதியர் தினமும் பார்க்கும் திரைகள் மட்டும், அவர்களையே உட்கார வைத்து, அஜைலில்.