ரிங்லெட் பட்டறையில் சரியான ஹீட்டர்

எங்கள் வேன் ஜப்பானில் ஓடி, ரீகண்டாக (பழையதைச் சரிசெய்து) வந்தது. அதில் ஹீட்டர் உண்டு. மலேசியாவில் ஹீட்டர் எதற்கு என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். மூச்சிழுப்பு உள்ள அம்மாவை விடியற்காலை ஐந்து மணிக்கு, கேமரன் மலையில் பனி மூடிய ரிங்லெட்டிலிருந்து தாப்பா மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் எனக்கு அது அவசியம்.

சில மாதங்களாக அதில் சூடு போதவில்லை. தானா ராத்தா ஏற்றத்தில் வெதுவெதுப்பாக வரும். தாப்பா இறக்கத்தில் வெறும் குளிர்காற்றுதான். இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள்ளும் கீழே இறங்கிவிடும். ஒரு பட்டறையில் டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோர் (இன்ஜினின் சுடுதண்ணீர் ஓடி, காற்றைச் சூடாக்கும் பகுதி) மாற்ற வேண்டும், 900 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள்.

பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணன் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். ரிங்லெட் கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இருக்கிறது, பெயர்ப்பலகை கிடையாது. "ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க டீச்சர், இன்ஜின் நல்லா ஆறணும்" என்றார் போமன் (பட்டறை மெக்கானிக்).

காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் குழாயில் என்னையே கை வைக்கச் சொன்னார். இரண்டு நிமிடத்திலேயே சூடு தெரிந்தது. தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு, சரியாக இருந்தால், இன்ஜின் சூடேறும் வரை அந்தக் குழாய் சில்லென்றுதான் இருக்குமாம். இன்ஜின் நன்றாக ஓடிய பிறகு, ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோரில் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. கோரில் கோளாறு இல்லை, உள்ளே போகிற தண்ணீரிலேயே சூடு இல்லை.

ஆறவைத்து, தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, ரப்பர் வளையம் மட்டும் கிடந்தது. முன்பு ஒருமுறை இன்ஜின் கொதித்தபோது கீழே ஒருவர், "நம்ம ஊர் சூட்டுக்கு இது தேவையில்ல" என்று சொல்லி அதைக் கழற்றியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தால் இன்ஜின் எப்படிச் சூட்டில் நிற்கும்? பெட்ரோல் கூடுதலாகக் குடித்ததும் இதனால்தான்.

புதுச் சாமான் ஈப்போவிலிருந்து வர இரண்டு நாள் தாமதம். அதை எனக்கு போன் செய்து சொல்லியிருக்கலாம், அது ஒரு குறை. ஆனால் வந்ததை அப்படியே மாட்டவில்லை. அடுப்பில் சட்டி வைத்து, தெர்மாமீட்டரோடு தண்ணீரில் போட்டார். 82 பாகை என்று அதில் அடித்திருந்தது. அந்தச் சூட்டை நெருங்கியதும் உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளுவதைக் கண்ணால் பார்த்தேன். நம் மேட்டில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். இந்தச் சோதனைக்கு அது போதும்.

அப்புறம் வேனின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும் வரை கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினார். காற்று தங்கிவிட்டால் புதுத் தெர்மோஸ்டாட் போட்டும் ஹீட்டர் குளிருமாம்.

கூலண்டும் கூலியும் சேர்த்து 190 வெள்ளி. கைப்பட எழுதிய ரசீது கொடுத்தார், கார்டு வாங்குவதில்லை. அடுத்த புதன்கிழமை தாப்பா வரை முள் நடுவிலேயே நின்றது. பாதி வழியில் அம்மா சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காய்கறி லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வார நாளில், காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள்.